கேரம் கிளப்பின் நில அதிர்வுப் பிரிவு

என் பாஸ்போர்ட்டில் இதுவரை ஒரு முத்திரையும் விழுந்ததில்லை. கடல் கடந்தது நான் அல்ல, எனக்கு வந்த ஒரு கருவி. நியூசிலாந்தில் என்னைப் போலவே வீட்டில் தனியாக நில அதிர்வு பதிந்துகொண்டிருக்கும் ஒரு நண்பர், தான் பயன்படுத்திய பழைய உணரியை எனக்குக் கொடுத்துவிட்டார். பலருடைய சாமான்களோடு ஒரே கண்டெய்னரில் வந்து சென்னையில் இறங்கிய அது, அதற்கு மேல் நகரவில்லை. குடியாத்தத்துக்கு மேற்கே மலையடியில் இருக்கிறது எங்கள் ஊர். காலையில் கிளம்பினால் மாலையில் கருவியோடு திரும்பிவிடலாம் என்று ஒரே ஒரு மாற்றுச் சட்டையோடு போனேன். ஆறு நாள் ஆயிற்று.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் நிலம் லேசாக ஆடும். பாத்திரம் கலகலக்கும், நாய் குரைக்கும், அவ்வளவுதான். நான் தனியார் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். மூன்று வருடமாக வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, சின்னக் கருவி ஒன்றை வைத்துப் பதிந்து வருகிறேன். அதில் ஒரு ரீங்காரம் கிடைத்தது. வினாடிக்கு இருபத்து நான்கு துடிப்பு. ஒவ்வொரு நாளுக்கும் சராசரி எடுத்துப் புள்ளி வைத்தேன். அந்த ரீங்காரம் வலுக்கும் போதெல்லாம், அடுத்த சில வாரங்களில் ஊர் ஆடியது. மூன்று மழைக்காலமும் அப்படியே. இந்த ஐப்பசியில் ரீங்காரம் முன்பிருந்ததைப் போல இரண்டு மடங்கு ஆனது.

கார்த்திகை முடிவதற்குள் பெரிய அதிர்வு ஒன்று வரலாம் என்று எழுதித் தாலுகா அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். எந்த நிறுவனம் என்று கேட்டார்கள். நிறுவனம் இல்லை என்றேன். மனுவை வாங்கவில்லை. எங்கள் தெருவோ நிறுவனம் எதுவும் கேட்காமல் என்னை நம்பியது. எல்லாம் பழைய தொகுப்பு வீடுகள், கூரைக் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிறது. பதினோரு குடும்பங்கள் தார்ப்பாய் கட்டி, அடை மழையில் வாசலில் படுக்க ஆரம்பித்தன. அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது.

என் பழைய கருவிக்கு மேலும் கீழுமான அசைவு மட்டும்தான் தெரியும். புதியது எல்லாத் திசையும் பார்க்கும். ரீங்காரம் ஆழத்திலிருந்து வருகிறதா, பக்கவாட்டில் வருகிறதா என்று சொல்லிவிடும். அதற்காகத்தான் வந்தேன்.

செவ்வாய். துறைமுகத்தை ஒட்டி ராயபுரம் பக்கம் இருந்த சுங்க அலுவலகத்தில், கண்ணாடி அணிந்த அம்மையார் ஒருவர் என் காகிதங்களைப் பொறுமையாகப் பார்த்தார். கோபப்படவும் இல்லை, மேஜைக்குக் கீழே கை நீட்டவும் இல்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் நான் எழுதும் இந்தக் கட்டுரைக்கு வசதியாக இருந்திருக்கும்.

“எந்த இன்ஸ்டிட்யூட் சார்?”

“நான் தனி மேடம்.”

“தனின்னு இதுல ஒரு ஆப்ஷன் இல்லையே.” திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். உண்மைதான். கல்லூரி, கம்பெனி, அரசுத் துறை, பதிவு பெற்ற சங்கம். நான்கில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். “வீட்டு உபயோகம்னு போடலாம். ஆனா பூகம்பக் கருவிய வீட்டுல என்ன உபயோகம் பண்ணுவீங்கன்னு எனக்கு மேல இருக்கறவங்க கேப்பாங்க. லெட்டர்ஹெட், பதிவு எண், ரப்பர் ஸ்டாம்ப், மூணும் இருக்கற கடிதம் ஒண்ணு கொண்டாங்க. அன்னிக்கே விட்டுடறேன்.”

வெளியே ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கல்லாவுக்கு மேல் மாதா படம், அதற்கு மேல் சீரியல் விளக்கு. என் காகிதத்தை நகலெடுத்துக்கொண்டே வாசித்தும் முடித்துவிட்டார்.

“தம்பி, இங்க வாரவுக எல்லாம் கம்பெனி லெட்டரோடதான் வாராக. ஒத்தையில வந்த ஆள இப்பதான் பாக்கேன். ஒண்ணு செய்யுங்க. ஒரு பேரச் சொல்லுங்க, லெட்டர்ஹெட் நானே அடிச்சுத் தாரேன். உலக பூகம்ப ஆராய்ச்சி மையம். எப்படி?”

“பதிவு எண் கேட்பாங்களே அண்ணாச்சி.”

“நம்பருக்கா பஞ்சம்?” என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி சரி, நீங்க வாத்தியாரு. விடுங்க” என்றார்.

இரவு தங்க இடம் வேண்டியிருந்தது. வேலூர் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த கௌதமனை அழைத்தேன். அவன் வியாசர்பாடிக்காரன். திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் பெட்டிகளின் எண்ணைச் சரிபார்க்கும் வேலை. மூன்று வருடமாகப் பேசாதவனிடம் திடீரென்று தங்க இடம் கேட்டேன். “நம்ம வூடு கீது, நீ இன்னா லாட்ஜு தேடிகினு கீற?” என்று திட்டினான். குடியிருப்பில் தரைத்தளம். சுவரில் புத்தர் படம், அதன் கீழே செல்போன் சார்ஜர்கள். கௌதமன், அவன் அக்கா யசோதரா, இரண்டே பேர். யசோ அக்காவுக்கு இரண்டு தெரு தள்ளிக் கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷனில் மோட்டார் இயக்கும் ஒப்பந்த வேலை. என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “தம்பி, வஞ்சரம் துன்னுவியா, இல்ல சாம்பார் கேஸா?”

புதன். கல்லூரிகள் இருக்கும் திசைக்குப் புறப்பட்டேன். இரவு பெய்த மழையில் சுரங்கப்பாதை முழங்கால் வரை நிரம்பியிருந்தது. ஷேர் ஆட்டோ நடுவில் நின்றுவிட, ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, “படிச்ச சார்லாம் உக்காருங்க, மீதி பேரு இறங்கித் தள்ளு” என்றார். ஒருவரும் உட்காரவில்லை, எல்லோரும் இறங்கினோம். எங்கள் ஊரில் மழை பெய்தால் தண்ணீர் கிணற்றுக்குப் போகும். இங்கே அதற்குப் போக இடம் தெரியவில்லை, தெருத் தெருவாக விசாரித்துக்கொண்டு நிற்கிறது.

ஒரு துறைத் தலைவர் நல்ல மனிதர். தேநீர் வரவழைத்தார். “எங்க கடிதத்துல கருவி வந்தா அது எங்க இருப்புப் பதிவேட்டுல ஏறிடும் தம்பி. அப்புறம் இந்தக் கட்டடத்த விட்டு வெளிய போகாது” என்றார். கண்ணாடி அலமாரியைக் காட்டினார். உள்ளே உறை பிரிக்காத கருவிகள் இருந்தன. என் பதிவுகளைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். “பாத்தா கருத்து சொல்லணும். சொன்னா நாளைக்கு ஏதாவது வந்தாலும் வராட்டியும் என் பேரு வரும்” என்று நேர்மையாகவே சொன்னார். இன்னொரு கல்லூரியில், முதலில் இணையத்தில் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். நடைமேடையில் உட்கார்ந்து திறந்து பார்த்தேன். முதல் கட்டம்: நிறுவனத்தின் பெயர்.

இதெல்லாம் எனக்குப் புதிதல்ல. அரசு நிலையங்களின் பதிவைக் கேட்டபோதும் இதே கட்டம்தான். ஒரு கருத்தரங்குக்கு எழுதியபோதும் இதுதான். கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிப் பார்த்தேன். ‘இல்லை நிறுவனத்திற்கு வணக்கம்’ என்று இயந்திரம் பதில் அனுப்பியது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

பசி. கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பண்டம், நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். எங்கள் ஊர்க் களிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் இரண்டையும் மென்றுகொண்டிருக்கக் கூடாது, விழுங்கிவிட வேண்டும்.

வியாழன் காலை செய்ய ஒன்றுமில்லை. கௌதமனுக்கு அன்று லீவு என்பதால் எண்ணூர் வரை பைக்கில் கூட்டிப்போனான். கண்டெய்னர் லாரிகள் சாலையோரம் கிலோமீட்டர் கணக்கில் நின்றன. ஓட்டுநர்கள் லாரிக்கு அடியிலேயே அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். முகத்துவாரத்தில் தூரத்து அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன. கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். அதிர்ந்தது. எடுத்து மறுபடி வைத்தேன். அப்போதும் அதிர்ந்தது.

“இன்னா மச்சி, செவுத்துக்கு ஜுரமா?”

“இங்கே எப்பவுமே இப்படித்தானா?”

“நின்னாதான் பயம். போன தபா மெஷின்லாம் ஆஃப் ஆவும்போது பக்கத்து வூட்டு கெய்வி எயுந்து உக்காந்துச்சாம், தூக்கம் வரலன்னு.”

சிரித்தேன். அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் கௌதமன் என்னை அவர்களுடைய கேரம் கிளப்புக்கு அழைத்துப்போனான். வியாசர்பாடியில் தெருவுக்கு ஒரு கிளப் இருக்கும்போல. தகரக் கூரை, நான்கு பலகைகள், ஒவ்வொன்றின் மேலும் தாழத் தொங்கும் விளக்கு, சுவர் முழுக்கக் கோப்பைகள். பலகையில் தூவும் பவுடர் காற்றில் மிதந்தது. செயலாளர் தேவா துறைமுகத்தில் கப்பலில் ஏறிக் கண்டெய்னர்களைக் கட்டும் வேலை செய்கிறவர். நாற்பதைத் தாண்டியவர். கருவிக்கு ஒரு கடிதமும், தாலுகா அலுவலகம் வாங்காத என் எச்சரிக்கைக்கு ஒரு ஸ்டாம்பும் வேண்டும் என்று கௌதமன் சொன்னதும் அவர் ஸ்டிரைக்கரைக் கீழே வைக்காமல் கேட்டார்.

“பதிவு பெற்ற சங்கமா கேட்டாங்க? நாம பதிவு பெற்ற சங்கம்தான்.” பூட்டிய பெட்டியிலிருந்து விதிகள் அச்சடித்த பழைய புத்தகத்தை எடுத்தார். “நோக்கம், ஒண்ணு விளையாட்டு. ரெண்டு கல்வி. மூணு அறிவியல் மனப்பான்மை வளர்த்தல். எங்க நைனா காலத்துல எழுதுனது. ஒண்ணதான் வளத்துகினு கீறோம். மூணு சும்மாவே குந்திகினு கீது.”

அதற்குப் பிறகுதான் விசாரணை. ஆறேழு பேர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். கருவி எப்படி வேலை செய்யும், கரண்டு எவ்வளவு இழுக்கும், போலீஸ் வருமா. அவ்வளவுக்கும் பதில் சொன்னேன். அடுத்துத் தேவா கேட்டார்.

“கார்த்திகைல பூகம்பம் வரும்ன்ற. வரலன்னா இன்னா பண்ணுவ?”

“வரவில்லை என்று எழுதுவேன்.”

“எங்க எழுதுவ?”

இத்தனை வருடத்தில் ஒரு அலுவலகமும் இதைக் கேட்டதில்லை. அவர்கள் எல்லாம் நான் யார் என்று கேட்டார்கள். தவறினால் என்ன செய்வாய் என்று கேட்டவர் இவர்தான்.

“இங்க எழுது” என்று தீர்மானப் புத்தகத்தைத் தட்டினார். “எங்க ஸ்டாம்பு போட்டுப் போவுது. தப்பாச்சுன்னா எங்க புக்குல வரணும். கருவிக்கு லெட்டர் இப்பவே தர்றேன். பூகம்பம் வரும்ன்ற லெட்டருக்கு ஸ்டாம்பு ஞாயித்துக்கெயம பொதுக்கூட்டத்துல வெச்சுதான். சும்மா தூக்கிக் குடுக்க மாட்டேன்.”

அங்கேயே என்னை உறுப்பினராகச் சேர்த்து, நில அதிர்வுப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, அதற்கு என்னைப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். உறுப்பினர் ஒரு ஆட்டம் ஆட வேண்டும் என்பது வழக்கமாம். ஒரு காயும் விழவில்லை. “பூமி ஆடுது, இவரு காயி ஆட மாட்டேங்குது” என்றார் ஒருவர்.

வெள்ளி. அம்மையார் கடிதத்தை வாசித்தார். கேரம் என்ற சொல் வந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்றார். பிறகு பதிவு எண்ணைச் சரிபார்த்து, நான்காவது கட்டத்தைத் தொட்டார். அடுத்த பக்கம் திறந்தது. “நோக்கத்துல அறிவியல் இருக்கு. விதிப்படி சரி” என்றார். நாலு நாளாகத் திறக்காத கதவு, டீ ஆறுவதற்குள் திறந்துவிட்டது. மூன்று வருடப் பதிவு செய்யாததை நீல மை ஸ்டாம்பு செய்தது. இதை ஆத்திரப்பட்டு எழுதவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

திருவொற்றியூர் யார்டில் பெட்டியைக் கௌதமனே தேடி எடுத்தான். பஞ்சுக்குள் ஒரு தூக்குவாளி அளவுக்கு உணரி. மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வண்ணாரப்பேட்டையில் ஜவுளிப் பைகளோடு ஏறிய ஒரு அம்மா, “குழந்தை மாதிரி புடிச்சிகினு போறியே, இன்னாப்பா உள்ள?” என்றார். பூகம்பம் பார்க்கும் கருவி என்றேன். அடுத்த நிலையத்தில் வேறு பெட்டிக்கு மாறிக்கொண்டார்.

சனி. காலை ஒன்பது மணிக்குக் கௌதமன் வீட்டுத் தரையில் உணரியைச் சமமாக நிறுத்தி, மடிக்கணினியில் இணைத்தேன். ஊருக்குப் போகுமுன் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். அரை மணியில் திரையில் ஒரு கோடு எழுந்தது. வினாடிக்கு இருபத்து நான்கு.

எங்கள் ஊரில் இருந்து இத்தனை தொலைவில், களிமண்ணும் குப்பையும் மூடிய தரையில், அதே ரீங்காரம். அப்படியானால் இது எங்கள் மலையடியின் சமாச்சாரம் அல்ல, மாநிலத்தின் பாதி நிலத்துக்கு அடியில் ஏதோ நடக்கிறது. பொதுக்கூட்டத்துக்காக நேற்று எழுதி வைத்த பூகம்பக் கடிதத்தை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தேன். இதில் சென்னையையும் சேர்த்தேன்.

“இன்னா மச்சி, மூஞ்சி வெளுத்துகினு கீது?” என்றான் கௌதமன். சொன்னேன். அவன் முகமும் வெளுத்தது. படித்தவன் சொன்னால் நம்பும் வழக்கம் எங்கள் தெருவுக்கு மட்டும் சொந்தமல்ல.

மதியம் யசோ அக்கா சாப்பிட வந்தார். காலை ஆறிலிருந்து வேலை. கை கழுவிக்கொண்டே திரையைப் பார்த்தார்.

“இது இன்னா, கோடு நடுவுல அறுந்துகீது?”

நான் வலுவை மட்டும்தான் பார்த்திருந்தேன். நேரத்தைப் பார்க்கவில்லை. ஒன்பது நாற்பதுக்குக் கோடு நின்றிருந்தது. பத்தேகாலுக்கு மறுபடி தொடங்கியிருந்தது.

அக்கா சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் பையிலிருந்து பம்பிங் ஸ்டேஷன் பதிவேட்டை எடுத்தார். மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், கையெழுத்து. “ஒம்போது நாப்பது, ட்ரிப்பு ஆயி நின்னுச்சு. பத்து பதினஞ்சு, திரும்பப் போட்டேன். தம்பி, இது பூமியும் இல்ல, சாமியும் இல்ல. என் மோட்டாரு.”

“இல்லக்கா. இதே துடிப்பு எங்க ஊர்லயும் இருக்கு.”

“உங்க ஊர்ல மோட்டாரே இல்லியா?”

திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அக்கா விடவில்லை. “என் மோட்டார் தகட்டுல ஆயிரத்து நானூத்தி நாப்பது சுத்துன்னு எயுதிகீது, ஒரு நிமிஷத்துக்கு. உன் கணக்குல அது இன்னா வருதுன்னு பாரு.”

அறுபதால் வகுத்தால் இருபத்து நான்கு. ஆறாம் வகுப்புக் கணக்கு. நான் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன்.

சாப்பிட்டு முடித்து அவர் ஸ்டேஷனுக்குப் போனதும் போனில் கூப்பிட்டார். “சாக்கடைக் கெணத்துல தண்ணி மட்டம் கொறச்சலாத்தான் கீது, ரெண்டு நிமிஷம் நிறுத்துனா ஒண்ணியும் ஆவாது. நிறுத்தட்டா?” கோடு சரிந்து தரையோடு படுத்தது. “போடட்டா?” எழுந்தது. மூன்று முறை பார்த்தோம். மூன்றாவது முறை கௌதமன், “போதும்க்கா, பையன் அயுதுடப் போறான்” என்றான். நான் அழவில்லை. எங்கள் ஊரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் நின்று அப்பாவை அழைத்தேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஐந்து பங்காளிகளுக்குப் பொதுவான கிணற்றில் எங்கள் முறைக்கு மோட்டார் போடுவது அவர்தான்.

“அப்பா, இப்போ மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுது?”

“கெணறு ரொம்பிகீதுடா. த்ரீ பேஸு கரண்டு வந்ததுல இருந்து போற வரைக்கும் ஓடுது. எல்லார் கெணத்துலயும் அப்டித்தான். ஏன்?”

“கோடையில?”

“அரை மணில தண்ணி தீந்து காத்து இயுத்துக்கும். இது கூடவா மறந்துட்ட?”

மறக்கவில்லை. மோட்டார் ஓடும் நேரம் வாரா வாரம் மாறும், அதற்குத் தகுந்தபடி அப்பா எழுந்து போவதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். நாளுக்கு ஒரு சராசரி எடுத்த அன்றைக்கு, அந்த நேரங்களையெல்லாம் நானே அழித்துவிட்டேன். மழை பெய்தால் கிணறு நிறைகிறது, மோட்டார் கூடுதலாக ஓடுகிறது. மழைக்குப் பிறகு நிலமும் ஆடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அறியா. அவற்றை இணைத்தது என் நோட்டுப் புத்தகம். பார்க்க மாட்டேன் என்ற அந்தத் துறைத் தலைவர் அரை மணி பார்த்திருந்தால் இதைச் சொல்லியிருப்பார். மூன்று வருடமாக என்னை யாரும் தவறு என்று சொல்லவில்லை. தவறு என்று சொல்லவாவது முதலில் மனுவை வாங்கியிருக்க வேண்டும்.

“அப்பா, நான் சொன்னது தப்பு. அது பூமியோட சத்தம் இல்ல, மோட்டார் சத்தம். எல்லாரையும் உள்ள போய்ப் படுக்கச் சொல்லுங்க.”

அப்பா இருமினார். பின்னாலிருந்து அம்மா போனை வாங்கினார். “தப்புன்னு ஏன்டா சொல்ற? மழைக்குப் பயந்து உள்ள வந்துட்டோம்னு சொல்லிக்கறோம். உன் பேரு கெட வேணாம்.”

“வேண்டாம்மா. தப்புன்னே சொல்லுங்க.”

“அப்ப பூகம்பம் வராதா?”

“அது எனக்குத் தெரியாதும்மா.”

ஞாயிறு காலை வடகறியோடு இட்லி. இட்லியைப் பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா அழைத்தார். தெருவில் சொல்லிப் பார்த்தாராம். எங்கள் வீட்டைத் தவிர ஒருவரும் உள்ளே போகவில்லை. “படிச்ச புள்ள எயுதி வெச்சிகீது, மோட்டார் போடற உனுக்கு இன்னா தெரியும்னு கேக்கறாங்கடா. நீ வா.” ராத்திரியும் மழை என்றார்.

எனக்கு நிறுவனம் இல்லை என்று எத்தனையோ பேரிடம் குறைப்பட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் அப்பாவுக்கு நான்தான் அந்த ‘நிறுவனத்தின் பெயர்’ கட்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கிளப்பில் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். தேவா ஸ்டாம்பு பேடைத் திறந்து தயாராக வைத்திருந்தார். நான் எழுந்து, பூகம்பக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். காரணத்தைச் சொன்னேன். யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யசோ அக்காவின் மோட்டார் என்றதும் சிரித்தார்கள், அதுவும் அக்காவைப் பார்த்து.

“பூமாதேவி யாருன்னு இப்பதானே தெரியுது” என்றார் ஒருவர்.

“வாய மூடு, உன் தெரு சாக்கடைய ரொப்பி வுட்டுருவேன்” என்றார் அக்கா.

ஒருவர் மட்டும் விடாமல் கேட்டார். “ஊரு ஆடுனது நெசந்தானே? அது ஏன் மழைக்கப்புறமே ஆடுது?”

“நிஜம்தான். ஏன் என்று தெரியாது.”

“அப்ப அதப் பாரு. கருவிய மூட்ட கட்டிடாத.”

தேவா எழுதினார், ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே: “ரீங்காரம், மோட்டார் என்று கண்டறியப்பட்டது. கடிதம் திரும்பப் பெறப்பட்டது. நிலம் ஏன் ஆடுகிறது என்பது தெரியவில்லை. பிரிவு தொடர்ந்து செயல்படும்.” ஸ்டாம்பை ஓங்கி அடித்தார். எனக்கு ஒரு நகல் கொடுத்தார். “உங்க தெருவுல காட்டு” என்றார். நான் வெளியே வருவதற்குள் ஸ்டிரைக்கர் சத்தம் தொடங்கிவிட்டது.

திங்கள் காலை ஊரில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. தெருவில் பத்துத் தார்ப்பாய்கள் அப்படியே இருந்தன. அடியில் ஈரப் போர்வைகள். உணரியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நகலை எடுத்துக்கொண்டு முதல் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுப் பெரியம்மா, “இன்னா கண்ணு, தேதி மாறிடுச்சா?” என்றார்.

காகிதத்தை நீட்டினால் நம்பிவிடுவார்கள். போன மாதமும் அப்படித்தான் நம்பினார்கள்.

“மோட்டார் கொட்டாய் வரைக்கும் வாங்க பெரியம்மா” என்றேன். ஒவ்வொரு வாசலாக அதையே சொன்னேன். சேற்றில் ஒரு கூட்டமாக வந்தார்கள். கொட்டகைச் சுவரில், மோட்டார் போட்டவர்கள் கணக்குக்காகக் கரியால் இழுத்த கோடுகள், ஐந்து பங்காளிகளின் முறைக்கு ஐந்து வரிசை, ஓடிய ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோடு. மூன்று மழைக்காலம் அந்தச் சுவரில் இருந்தது. இதோ நிறைய, இதோ குறைய, மறுபடி நிறைய. என் நோட்டில் இருந்த அதே ஏற்ற இறக்கம்.

நான் ஒதுங்கி அப்பாவுக்கு இடம் விட்டேன். நகல் சட்டைப் பையிலேயே இருந்தது. அப்பா ஒரு முறை இருமிவிட்டு, முதல் கோட்டில் விரலை வைத்து, அது எந்த மழை என்று சொல்ல ஆரம்பித்தார்.